செங்கல் தூளும் வேப்பங்குச்சியும்

1960-களில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் எங்களுக்குப் பல்பொடி என்றால் செங்கல் தூள், அடுப்புக்கரி, சாம்பல்தான். அழுத்தித் தேய்த்தால்தான் பல் வெளுக்கும் என்று நினைப்பு. தாத்தா மட்டும் வேப்பங்குச்சி நுனியைப் பஞ்சு போல மென்ற பிறகுதான் பல்லில் வைப்பார். "மெதுவா தேய்டா, அது பித்தளைச் சொம்பு இல்ல" என்பார்.

பிறகு கோபால் பல்பொடி வந்தது. நைலான் பிரஷ் 1938-லேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வர வெகுநாள் ஆனது. நானோ கெட்டி பிரஷ்ஷாக வாங்கி, செங்கல் தூள் தேய்த்த அதே வேகத்தில் தேய்த்தேன்.

ஐம்பது வயதில், குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசியது. பல் டாக்டர் கண்ணாடியில் காட்டினார்: ஈறு இறங்கி, பல்லின் அடியில் பள்ளம். "எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது சார்" என்றார். மென்மையான பிரஷ்ஷை ஈறோரம் 45 டிகிரி சாய்த்து, அழுத்தாமல் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும்; காலையும் இரவும் இரண்டு நிமிடம். 1940-களில் அமெரிக்க டாக்டர் சார்லஸ் பாஸ் சொன்ன முறையாம்.

இப்போது பேரன், ஓரகடம் ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில், பரபரவென்று தேய்க்கிறான். தாத்தா சொன்னதையே சொல்கிறேன். அன்று நான் கேட்ட லட்சணத்தில்தான் அவனும் கேட்கிறான்.