டெஃபியின் கேள்வி

நகைச்சுவை எழுத்தை இரண்டாம் பந்தியில் உட்கார வைப்பது விமர்சன வழக்கம். டெஃபியைப் படித்தபின் எனக்கு இந்த வரிசையில் நம்பிக்கை போய்விட்டது.

நதேழ்தா லோஹ்வித்ஸ்கயா என்பது இயற்பெயர். 1872-ல் பீட்டர்ஸ்பர்கில் பிறந்தார். அக்கா மிர்ரா பெயர்பெற்ற கவிஞர். 1910-ல் டெஃபியின் கவிதைத் தொகுதியும் நகைச்சுவைக் கதைகளும் வெளிவந்தன. வாசகர்கள் கதைகளையே பிடித்துக்கொண்டார்கள். அவர் பெயரில் மிட்டாயும் வாசனைத் திரவியமும் விற்றன. ஒரு எழுத்தாளரைக் கெடுக்க இவ்வளவு புகழ் போதும்.

கெடுக்கவில்லை என்பதற்கு 1920-ல் பாரிஸில் எழுதிய 'கெ ஃபேர்?' சாட்சி. 'என்ன செய்வது?' என்ற பிரெஞ்சுக் கேள்வியை ரஷ்ய எழுத்தில் எழுதிய தலைப்பு. நாட்டைவிட்டு ஓடிவந்த ஒரு ஜெனரல் கொன்கோர்ட் சதுக்கத்தில் நின்று சுற்றிலும் பார்க்கிறார். எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன செய்வது? செர்னிஷேவ்ஸ்கி 1863-ல் நாவலுக்கும், லெனின் 1902-ல் பிரசுரத்துக்கும் வைத்த தலைப்பு இதுவே. அவர்கள் கையில் அது சரித்திரத்தின் கேள்வி, பதிலும் வைத்திருந்தார்கள். ஜெனரலிடம் பதில் இல்லை. பெரிய கேள்வி ஒரு தனிமனிதனின் திகைப்பாகச் சுருங்கும்போது சிரிப்பு வருகிறது. அந்தச் சுருக்கத்தை நான் விமர்சனம் என்றே கொள்கிறேன்.

1918-19-ல் கீவ், ஒடெஸ்ஸா, நோவொரொசீஸ்க் என்று தெற்கே தள்ளப்பட்டதை 'நினைவுகள்' நூலில் சொல்கிறார். இதில் வீரர்கள் இல்லை, சாதாரண மனிதர்களே என்று முன்னுரையிலேயே அறிவித்துவிடுகிறார். போல்ஷெவிக்குகள் நெருங்கும் வேளையில் ஒருத்தி சிகை அலங்காரக் கடைக்கு ஓடுகிறாள். தலையைச் சரிசெய்யாமல் எப்படித் தப்பி ஓடுவது? இதைப் பரிகாசம் என்று ஒதுக்கினால் நாம் தவறாகப் படிக்கிறோம். உலகம் சரியும்போது மனிதன் பற்றிக்கொள்வது கொள்கையை அல்ல, பழக்கத்தை. இதைச் சரித்திர ஆசிரியன் எழுதுவதில்லை.

கப்பல் கரையை விட்டு நகரும் கடைசிப் பக்கத்தில் சிரிப்பு இல்லை. லோத்தின் மனைவியைப்போல் திரும்பிப் பார்த்து உறைந்துபோகிறார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரின் சிரிப்பைத்தான் நம்ப முடியும்.

1943-ல், அவர் உயிரோடிருக்கும்போதே, நியூயார்க்கில் அவருக்கு இரங்கல் வெளிவந்தது. இறந்தது 1952-ல், பாரிஸில். அவரே எழுதியிருக்கக்கூடிய கதை.