உறைமோருக்கு விலை இல்லை



மதுரையில் அடுத்த வீட்டில் உறைமோர் கேட்டால் யாரும் விலை சொல்வதில்லை. தாங்களும் என்றோ கேட்டு வாங்கியதுதான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்தின் நாரிச் நகரில் பியர் காய்ச்சியவர்களிடமும் இவ்வழக்கம் இருந்தது. பொங்கிவரும் நுரையை எடுத்து வைத்து, அடுத்த காய்ச்சலுக்கு உறையாக இட்டார்கள். ரொட்டி சுடுவோரும் அதைப் பெற்றுச் சென்றார்கள். அது பொங்கும் காரணம் தெரியாததால், 'கடவுளின் நன்மை' என்றே அழைத்தார்கள். இறையருளால் வருவதை எவருக்கும் மறுக்கலாகாது, ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னிக்கு மேல் பெறலாகாது என்கிறது அவர்களது 1468-ஆம் ஆண்டு ஏடு. அந்த நுரையில் இருப்பது ஈஸ்ட் என்னும் உயிர் என்பதை 19-ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் விளக்கினார்.

நம் விசுவாசமும் இப்படியே வந்தது. 1606-இல் தத்துவ போதகர் ராபர்ட் தே நொபிலி மதுரைக்கு வந்தார். 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1838-இல்தான் மதுரை மிஷன் மீண்டும் தொடங்கியது. இடையில், குருக்கள் அரிதாக வந்த ஊர்களில் உபதேசியார்களும் தாய்மாரும் செபங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உறை அற்றுப்போகவில்லை.

ஆனால் கெட்டுப்போன உறை அடுத்த பானையையும் கெடுக்கும். அதனால்தான் பவுல் அடிகளார் கொரிந்தியரிடம் பழைய புளிப்பு மாவை அகற்றச் சொன்னார். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு நாம் எதை உறையாக இடுகிறோம்? செபத்தையா, சாதிப் பெருமையையா? இன்றிரவு குடும்ப செபத்தில் இதை நம்மையே கேட்டுக்கொள்வோம். ஆமென்.