ஈயச் சட்டியும் இயந்திரப் படகும்



நம் வீடுகளில் சோறு வடிக்கும் வெள்ளைச் சட்டியை நம் பாட்டிமார் 'ஈயச் சட்டி' என்பார்கள். உண்மையில் அது ஈயம் அன்று. ஈயம் என்பது பேராக் சுரங்கங்களில் தோண்டி எடுத்து, பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் உருக்கிய உலோகம். நம் சட்டியோ அலுமினியம். புதிதாக வந்த வெள்ளை உலோகத்திற்கு நம் மக்கள் தங்களுக்குப் பழக்கமான பெயரையே வைத்துவிட்டார்கள்.

அந்தச் சட்டியின் உலோகம் கடலில் படகாகவும் மிதக்கிறது. அப்படிப்பட்ட பழைய மோட்டார் படகு ஒன்றைத் தண்ணீர்மலையில் என் தாய்மாமன் வீட்டு வாசலில் வைத்துப் பழுது பார்த்தோம். அப்பொழுது நான் செய்த ஒரு தவறு, 1763ஆம் ஆண்டிலேயே கப்பல்காரர்கள் கண்டறிந்த தவறு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அந்தத் தவற்றின் வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தண்ணீர்மலை உங்களில் பலருக்குத் தெரிந்த இடம். தைப்பூசத்தன்று காவடியோடு போயிருப்பீர்கள். ஜார்ஜ் டவுன் நகருக்குக் குடிநீர் தந்த அருவி அங்கே இருக்கிறது. ஊரின் பெயரே அந்தத் தண்ணீரால் வந்தது. என் மாமா கெடாவில் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகனோடு தங்குவதற்காகத் தண்ணீர்மலைக்கு வந்தார். மகனுக்கு மீன்பிடிப்பதில் ஆசை. பழைய சாமான் கடையில் கிடந்த பதினான்கு அடி அலுமினியப் படகை மலிவான விலைக்கு வாங்கி வந்துவிட்டான். பள்ளி விடுமுறையில் நானும் உதவிக்குப் போனேன்.

படகின் பின்பலகை உளுத்துப் போயிருந்தது. இயந்திரத்தைத் தாங்குவது அந்தப் பலகைதான். புதுப் பலகை போட்டு, பளபளவென்று இருக்கட்டுமே என்று பித்தளைத் திருகாணிகளை வாங்கி வந்து முடுக்கினேன். அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் பிடிக்காமலிருக்க, செம்புத் தூள் கலந்த சிவப்புச் சாயத்தைப் பூசினேன். மரப்படகுகளுக்கு அதைத்தான் பூசுவார்கள். அப்பொழுது மாமா ஊரில் இல்லை.

ஓராண்டு ஆகியிருக்கும். தெலுக் பஹாங் கரையிலிருந்து சற்றுத் தூரம் போயிருந்தபோது, மாமா மகனின் காலடியில் தண்ணீர் ஏறியது. கையிலிருந்த வாளியால் இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தார்கள் அவனும் அவன் நண்பனும். படகைக் கவிழ்த்துப் பார்த்தோம். ஒவ்வொரு பித்தளை ஆணியைச் சுற்றியும் வெள்ளை மாவு பூத்திருந்தது. மாவைத் துடைத்தால் ஓட்டை. சாயம் பூசிய இடங்களில் அம்மைத் தழும்புபோல் குழிகள். மாமா குனிந்து பார்த்தார். "மருமகனே, ரப்பர் பாலுக்குப் பக்கத்திலேயே நாங்கள் செம்பை விட்டதில்லை. நீ அலுமினியத்தில் கொண்டுபோய் அடித்திருக்கிறாயே" என்றார்.

நேயர்களே, அவர் சொன்னதன் பொருளை விளங்கிக்கொள்ள நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

பூமியில் அலுமினியம் ஏராளமாக உண்டு. ஆனால் அது மற்றப் பொருள்களோடு இறுகப் பிணைந்து மண்ணாகக் கிடக்கிறது. 1825இல் டென்மார்க் நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். அதன்பின் பல்லாண்டுகள் அது மிக அரிய பொருளாகவே இருந்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் 1884இல் வைத்த சிறு முடி அலுமினியத்தால் ஆனது. 1886இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூல் என்பவரும் ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தைக் கொண்டு அலுமினியம் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இருவருமே 1863இல் பிறந்தவர்கள். இருவருமே 1914இல் இறந்தார்கள். அவர்கள் கண்ட வழியால் விலை சரிந்தது. அரண்மனைப் பொருள் அடுப்படிக்கு வந்தது.

நம் தமிழ் நாட்டில் அதை அடுப்படிக்குக் கொண்டுவந்த கதை சென்னையில் தொடங்குகிறது. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பிலிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், 1898இல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். தகடு வெளிநாட்டிலிருந்து வந்தது. செம்பையும் பித்தளையையும் தட்டிப் பழகிய நம் கைவினைஞர்களின் திறமை புதிய உலோகத்திற்கும் பயன்பட்டது. தொழில் வளர்ந்தது. 1903இல் அது ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்கு மாறியது. இந்திய மண்ணிலேயே அலுமினியம் உருக்கியது 1943இல், கேரளத்தின் ஆலுவாய் அருகே. 1965இல் தமிழ்நாட்டின் மேட்டூரிலும் ஆலை வந்தது. சேர்வராயன் மலையின் பாக்சைட் மண் அதற்குத் தீனியாயிற்று.

நம் தோட்டங்களிலும் அலுமினியம் புகுந்தது. பால் உறையவைக்கும் தட்டுகளும், உறைதொட்டியின் நடுவே சொருகும் தகடுகளும் அலுமினியத்தால் ஆனவை. ஏன் செம்பில் செய்யவில்லை? செம்பு சிறிதளவு கலந்தாலும் ரப்பர் நாளடைவில் பிசுபிசுத்து வலுவிழக்கும். ஆகவேதான் பால் படும் இடத்தில் செம்போ பித்தளையோ கூடாது என்பது ஆலையின் சட்டம். மாமா சொன்னது அதைத்தான். தோட்டங்கள் பல இன்று பால்மரத்தை விட்டுச் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனாலும் ஆலையில் வேலை செய்த பெரியவர்களுக்கு இந்தச் சட்டம் இன்னும் நினைவிருக்கும்.

ரப்பரைச் செம்பு கெடுப்பது ஒரு வகை. அலுமினியத்தைச் செம்பு கெடுப்பது வேறு வகை. அதற்குக் கடல் நீரும் துணை வேண்டும்.

டார்ச் விளக்கின் பழைய பேட்டரியைப் பார்த்திருப்பீர்கள். வெளிக்கூடு துத்தநாகத் தகடு. விளக்கு எரிய எரிய அந்தத் தகடு கரைந்து, கடைசியில் பொத்தலாகிக் கசியும். இரண்டு வெவ்வேறு பொருள்கள் தொடர்பு கொண்டு, நடுவே உப்புச் சாறும் இருந்தால் மின்னோட்டம் பிறக்கும். இரண்டில் ஒன்று கரையும். அதேபோல் செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டபடி கடல்நீரில் நின்றால், அங்கே நமக்குத் தெரியாமலே ஒரு பேட்டரி உருவாகிறது. கரைவது அலுமினியம்.

இதை முதலில் பட்டறிந்தவர்கள் பிரிட்டிஷ் கடற்படையினர். அந்நாளில் மரக்கப்பலைக் கப்பற்புழு துளைக்கும். பாசி பிடித்து வேகம் குறையும். அதைத் தடுக்க 1761இல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதும் செம்புத் தகடு அறைந்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பிய கப்பலை 1763இல் சோதித்தபோது அதிர்ந்துபோனார்கள். செம்பு நன்றாக இருந்தது. ஆனால் அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. எனினும் சில ஆணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எப்படி? செம்புத் தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் அந்த இடங்களில் கிழியாமல் நடுவே தங்கிவிட்டது. ஒரு தாள் இடையில் இருந்ததால் இரண்டு உலோகங்களும் தொடவில்லை; ஆணி பிழைத்தது.

மின்கலம் என்ற ஒன்றை வோல்ட்டா செய்து காட்டியது 1800இல்தான். காரணம் விளங்குவதற்கு முன்பே, கப்பலைச் சோதித்தவர்கள் விளைவைக் கண்ணால் கண்டுவிட்டார்கள். 1824இல் ஹம்பிரி டேவி என்ற அறிஞர் செம்புக் கப்பல்களில் துத்தநாகத் துண்டு அல்லது இரும்புத் துண்டைப் பொருத்திப் பார்த்தார். அந்தத் துண்டு கரைந்தது, செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் செம்பு கரையாததால் அதன்மேல் பாசியும் சிப்பியும் ஏறிக்கொண்டன. செம்பின் நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தால்தான் சிப்பி அண்டாது. நான் பூசிய சிவப்புச் சாயத்தின் வேலையும் அதுவே.

இவ்வளவு தெரிந்த பின்னும் உலகம் மறந்தது. 1891இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் அலுமினியத்தால் ஓர் இயந்திரப் படகு கட்டினார்கள். 1895இல் அமெரிக்கக் கோப்பைப் படகுப் போட்டிக்காக 'டிபெண்டர்' என்ற பாய்க்கப்பலை ஹெரஷாப் என்ற புகழ்பெற்ற படகுப் பொறியாளர் கட்டினார். எடை குறைய வேண்டும் என்பதற்காக நீருக்கு மேலே அலுமினியத் தகடு. நீருக்குக் கீழே வெண்கலத் தகடு. உள்ளே எஃகுச் சட்டங்கள். வெண்கலம் என்பது செம்பின் கலவைதானே! போட்டியில் 'டிபெண்டர்' வென்றது. ஆனால் அலுமினியம் அரிக்கத் தொடங்கியது. 1899இல் ஒருமுறை செப்பனிட்டுப் புதிய கப்பலோடு பயிற்சிக்கு ஓட்டினார்கள். 1901இல் உடைத்துவிட்டார்கள். பெரும் பொருள் செலவழித்துக் கட்டிய கப்பலின் ஆயுள் ஆறே ஆண்டு.

அடுத்து 1906இல் ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் என்பவர் அலுமினியத்தோடு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் செம்பு சேர்த்துச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்துச் சில நாள் விட்டுவைத்தால் அது வலுப்பெறுவதைக் கண்டார். 'டூராலுமின்' என்ற அந்தக் கலவை ஆகாய விமானத்திற்கு ஏற்றது. கடலுக்கு ஏற்றதன்று, செம்பு உள்ளேயே இருக்கிறதே! செம்புக்குப் பதில் மக்னீசியம் சேர்த்த கலவைகள் வந்த பிறகே அலுமினியப் படகுகள் கடலில் நிலைத்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், விமானம் கட்டிய கிரம்மன் நிறுவனம் அதே தகட்டு வேலையையும் ரிவெட் வேலையையும் கொண்டு சிறு படகுகள் செய்தது. அதன்பின் அலுமினியப் படகு சாதாரண மக்களின் கைக்கு வந்தது.

இனி எங்கள் படகுக்குத் திரும்புவோம். இம்முறை மாமா சொன்னபடி செய்தோம்.

பித்தளை ஆணிகளை எல்லாம் பிடுங்கினோம். சிவப்புச் சாயத்தை மரச் சீவுளியால் சுரண்டினோம். காஸ்டிக் சோடா போட்டால் விரைவில் போகுமே என்றேன். மாமா தடுத்தார். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும். அப்போது எழும் வாயு தீப்பற்றக் கூடியது. அடுப்படியிலும் அலுமினியச் சட்டியைச் சோடாவோ சாம்பலோ போட்டுத் தேய்த்தால் கறுப்பதற்குக் காரணம் இதுதான். சாயத்துக்கு அடியில் மஞ்சளும் பச்சையும் கலந்த பழைய பூச்சு இருந்தது. அத்தகைய பழைய பூச்சுகளில் குரோமிய நஞ்சு இருக்கக்கூடும். ஆகவே தூசி பறக்காமல் நனைத்து, முகமூடி கட்டிக்கொண்டு தேய்த்தோம்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க, படகை மரக்கட்டைகள்மேல் தூக்கி வைத்து உள்ளே சில அங்குலம் தண்ணீர் ஊற்றினோம். வெளியே எங்கெல்லாம் சொட்டியதோ அங்கெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டோம். இருபத்திரண்டு வட்டங்கள். தளர்ந்த ரிவெட் ஆணிகளை இறுக்க இருவர் வேண்டும். உள்ளே ஒருவர் கனத்த இரும்புக் கட்டியை அணைத்துப் பிடிக்க, வெளியே மற்றவர் சுத்தியலால் தட்ட வேண்டும். மாமா தட்டினார், நான் பிடித்தேன். அரித்துப்போன இடங்களில் அதே வகை அலுமினியத் தகட்டை ஒட்டுப் போட்டோம்.

அலுமினியம் காற்றுப் பட்டதும் பிராணவாயுவோடு கூடித் தன்மேல் ஒரு மெல்லிய தோலைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அந்தத் தோல்தான் அதைக் காக்கிறது. ஆனால் சாயம் அதன்மேல் ஒட்டாது. ஆகவே அலுமினியத்திற்கென்றே உள்ள அடிப்பூச்சைப் பூசி, மேலே செம்பு கலக்காத சாயம் அடித்தோம். பின்பலகைக்கு மரம் வாங்கும்போதும் கவனித்தோம். கறையான் பிடிக்காமலிருக்கச் செம்பு மருந்தில் ஊறவைத்த மரமும் உண்டு, அது ஆகாது. ஆணிகள் எவர்சில்வர், அதுவும் வேறு உலோகம்தான் என்பதால், ஒவ்வொன்றுக்கும் நைலான் வளையம் போட்டு அலுமினியத்தைத் தொடாமல் செய்தோம். 'அலார்ம்' கப்பலின் பழுப்புத் தாள் செய்த வேலையை இந்த நைலான் வளையம் செய்கிறது. பின்புறம் ஒரு துத்தநாகத் துண்டும் பொருத்தினோம். அது டேவி காட்டிய வழி. அது தான் கரைந்து படகைக் காக்கும். கரைந்து முடிவதற்குள் மாற்றிவிட வேண்டும்.

கடைசியாக மாமா தன் மகனிடம் ஒன்று சொன்னார். சட்டைப் பையிலிருந்து செம்பு நிறக் காசு படகுக்குள் விழுந்தால் உடனே பொறுக்கிவிட வேண்டும். அடியில் தேங்கும் உப்பு நீரில் அந்த ஒற்றைக் காசே படகைத் துளைக்கத் தொடங்கும். படகு மீண்டும் கடலுக்குப் போகிறது. மிதவைச் சட்டையும் கூடவே போகிறது.

நேயர்களே, 'அலார்ம்' கப்பலைச் சோதித்தவர்களை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அதுவும் தவறு செய்த பிறகு. அதே எச்சரிக்கை, ஆலையில் பால் தொட்டியருகே பல்லாண்டுகள் நின்ற என் மாமாவிடம் இருந்தது. நான் முன்பே கேட்டிருந்தால் அந்த இரண்டு பிள்ளைகள் கடலில் வாளியால் இறைத்திருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளே, இன்று இரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "தாத்தா, நீங்கள் வேலை செய்த இடத்தில் எதைச் செய்யக் கூடாது என்பார்கள்? ஏன்?" என்று கேளுங்கள். சொல்லும் பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆலை மூடினாலும் அங்கே கற்ற பாடம் நம் வீட்டில் இருக்கட்டும்.