தொழிற்பழகுநர் பயிற்சி குறித்த மனப்பாங்கு ஆய்வு

தொழிற்பழகுநர் பயிற்சி குறித்த மனப்பாங்கு ஆய்வு என்பது, செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் பணியிடப் பயிற்சியை நிறுவனத்தாரும் பயிற்சி பெறுவோரும் எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என அறிய முயலும் சமூக அறிவியல் ஆய்வு ஆகும். பழகுநர் பேச்சு வழக்கில் 'அப்ரண்டிசு' எனப்படுகிறார். இக்கட்டுரை புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களான வில்லியனூர், பாகூர் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

சட்டப் பின்னணி

இந்தியாவில் இப்பயிற்சிக்கு அடிப்படை 1961 ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் ஆகும். இதன் 18 ஆம் பிரிவின்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர். அவர் பெறுவது ஊதியம் அன்று, உதவித்தொகை. ஆயினும் தொழிற்கூடத்தில் இயந்திரத்தின் முன் நிற்கும் பழகுநரையும், அருகில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளரையும் பார்த்த அளவில் வேறுபடுத்துவது எளிதன்று. மனப்பாங்கு ஆய்வின் சிக்கல் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

சட்டத்தை மீறும் நிறுவனத்தாருக்கு விதிக்கக்கூடிய சிறைத்தண்டனையை 2014 ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. 2019 ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்கள், மொத்தப் பணியாளரில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரைச் சேர்த்தல் கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ளவற்றுக்கு அது விருப்பம் மட்டுமே.

2016 இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையின் 25 விழுக்காட்டை, மாதம் 1500 ரூபாய்க்கு மிகாமல், நடுவண் அரசு ஏற்றது. தொடக்கத்தில் நிறுவனம் முழுத்தொகையையும் கொடுத்துவிட்டுப் பின்னர் அரசிடம் மீளப் பெறவேண்டியிருந்தது. 2023 முதல் அரசின் பங்கு பழகுநரின் வங்கிக் கணக்கிற்கே நேரடியாகச் செல்கிறது.

நிறுவனத்தார் நோக்கு

எங்கும் பயன்படும் பொதுத் திறனைக் கற்பிக்க நிறுவனம் தயங்கும், ஏனெனில் கற்றவர் வேறிடம் செல்லக்கூடும் என்பது பொருளியலாளர் கேரி பெக்கர் 1964 இல் வெளியிட்ட நூலில் விளக்கிய கருத்து. பொது நிதி வேண்டும் என்போர் இதையே சான்றாகக் காட்டுவர். எனினும் இங்கிலாந்தின் 'டிரெயின் டு கெய்ன்' திட்டத்தை 2009 இல் ஆராய்ந்த தேசியத் தணிக்கை அலுவலகம், பயன்பெற்ற நிறுவனங்களில் பாதி அரசு உதவி இல்லாவிடினும் இதுபோன்ற பயிற்சியை அளித்திருக்கும் எனக் கண்டது.

ஆகவே "பயிற்சி பயனுள்ளதா?" என்ற வினாவால் அறியக்கூடியது சொற்பம், அதற்கு ஏறக்குறைய அனைவரும் "ஆம்" என்றே விடையளிப்பர். "அரசுப் பணம் இல்லாதிருந்தால் எத்தனை பேரைச் சேர்த்திருப்பீர்கள்?" என்பதே கேட்கவேண்டியது. செருமனியின் கூட்டரசுத் தொழிற்கல்வி நிறுவனம் கருத்தைக் கேட்பதோடு நில்லாது, பழகுநருக்கான செலவையும் அவர் செய்த வேலையின் மதிப்பையும் கணக்கிடுகிறது.

பயிற்சி பெறுவோர் நோக்கு

பழகுநர் முதன்மையாக அறிய விரும்புவது பயிற்சிக்குப் பின் வேலை கிடைக்குமா என்பதே. சட்டம் அதற்கு உறுதி தரவில்லை. பிற தகுதிகள் சமமாயின் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தரப்படவேண்டும் என உத்தரப்பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 இல் கூறியது. 2014 திருத்தத்தின்படி, ஒவ்வொரு நிறுவனமும் இதற்கெனத் தன் கொள்கையை வகுக்கவேண்டும்.

வினாத்தாளை மேற்பார்வையாளர் வழியாகக் கொடுத்து வாங்கினால், வேலையை எதிர்பார்த்திருக்கும் பழகுநர் குறை எதையும் எழுதமாட்டார். பயிற்சி முடித்துச் சில மாதங்கள் கழித்து, அவரது வீட்டில் கேட்பது நம்பத்தக்கது. செலவு கூடும் என்பது உண்மையே.

வில்லியனூர், பாகூர்

வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டும், பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கமும் தொழிற்பேட்டைகளைக் கொண்டவை. பாகூர் நெல் விளையும் பகுதி. அதன் ஊர்கள் கடலூர் மாவட்டத்துடன் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. ஆகையால் கொம்யூன் எல்லைக்குள் வீடுவீடாகச் செல்லும் ஆய்வு, எல்லை தாண்டி வேலைக்கு வரும் தமிழ்நாட்டு இளைஞரைத் தவறவிடும். நிறுவனப் பட்டியலைக் கொண்டு செய்யும் ஆய்வோ சிறு பட்டறைகளைத் தவறவிடும்.

2011-12 தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 59 வயதினரில் முறைசார் தொழிற்பயிற்சி பெற்றோர் 2.2 விழுக்காடு, முறைசாராப் பயிற்சி பெற்றோர் 8.6 விழுக்காடு. புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண் சிற்பத் தொழிலில் பெற்றோரிடம் கற்றவர் இந்த இரண்டாம் வகையினர். நான்கு பேருக்கும் குறைவாக வேலை செய்யும் குடும்பப் பட்டறை பழகுநர் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அங்கு மண் பிசையக் கற்கும் இளைஞருக்கு உதவித்தொகையும் இல்லை, சான்றிதழும் இல்லை.