கோஷா ஆஸ்பத்திரியும் ஹார்மோன் அறிவும்

திருவல்லிக்கேணியிலுள்ள அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையை நம் முதியோர் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே அழைக்கின்றனர். கோஷா என்பது திரைமறைவில் வாழும் பெண்களைக் குறித்த சொல். ஆண் மருத்துவரிடம் செல்ல மனமின்றி, தகுந்த உதவியும் கிட்டாமல் பிரசவத்தில் மடிந்த பெண்களின் துயரம் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் உள்ளத்தைத் தைத்தது. அவர் 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் லண்டனிலும் பயின்று திரும்பி, 1885-இல் இம்மருத்துவமனையைத் தொடங்கினார். முஸ்லிம் பெண்களும் வெளியே வராத இந்துக் குடும்பப் பெண்களும் பெண் மருத்துவரிடமே சிகிச்சை பெற வழி பிறந்தது. நாணமும் காக்கப்பட்டது, உயிரும் காக்கப்பட்டது.

ஆயினும், மாதவிடாய் ஏன் மாதந்தோறும் வருகிறது, கரு ஏன் சிலருக்குத் தங்குவதில்லை என்ற கேள்விகளுக்கு அன்றைய மருத்துவத்தில் தெளிவான விடை இல்லை. 'ஹார்மோன்' என்ற சொல்லே 1905-இல்தான் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்பவரால் வழங்கப்பட்டது. 1929-இல் ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஒரு ஹார்மோன் பிரித்தெடுக்கப்பட்டது. 1934-இல் புரோஜெஸ்டிரானும் 1935-இல் டெஸ்டோஸ்டிரானும் தொடர்ந்தன.

இவற்றின் தலைமையிடம் கருப்பையன்று, மூளையாகும். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் சைகையை ஏற்று, பட்டாணி அளவேயுள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்னும் இரு ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்கிறது. முதலாவது, சூலகத்தில் முட்டையை வளர்க்கிறது. வளரும் முட்டையைச் சூழ்ந்த செல்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கின்றன. இரண்டாவது திடீரென உயர்ந்ததும் முட்டை வெளிப்படுகிறது. பின்னர்ச் சுரக்கும் புரோஜெஸ்டிரான் அச்சுவரைக் கருவுக்காக ஆயத்தப்படுத்துகிறது. கரு உண்டாகாவிடில் ஏறத்தாழ இரு வாரங்களில் அது குறைந்துபோக, மாதவிடாய் வருகிறது. கரு பதிந்தால், அக்கருவே எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரந்து தன் இருப்பைத் தாயின் உடலுக்கு அறிவிக்கிறது. வீட்டில் சிறுநீரைக் கொண்டு நாம் செய்யும் கர்ப்பப் பரிசோதனை கண்டறிவதும் அதனையே.

நம் மதரசாக்களின் ஃபிக்ஹுப் பாடத்தில் ஹைளு, இஸ்திஹாளா என்ற பகுப்பு உண்டு. ஹைளின் மேல் எல்லை ஷாஃபிஈ மத்ஹபில் பதினைந்து நாட்கள். ஹனஃபீ மத்ஹபில் பத்து நாட்கள். அதைக் கடந்த உதிரப்போக்குக்குச் சட்டமே வேறு. பெண்களிடம் கேட்டறிந்து நாட்களைக் கணக்கிட்ட அந்த இமாம்கள் இவ்விஷயத்தைப் பேசக் கூசவில்லை. நாள் தவறுவதும் நீடிப்பதும் தைராய்டு முதலிய ஹார்மோன்களின் ஏறுமாறாலும் நேரலாம் என்பதை இன்று மருத்துவம் கூறுகிறது. அத்தகைய பெண்ணுக்குத் தொழுகையின் சட்டத்தைச் சொல்லும் நாம், மருத்துவரையும் நாடச் சொல்லவேண்டும்.

நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய உண்மை மற்றொன்று உண்டு. எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஆகியவை பெண்ணுக்கே உரியவையல்ல. ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரானைச் சுரக்கச் செய்வதும் விந்தணு உற்பத்தியை நடத்துவதும் அவையே. பிள்ளைப்பேறு தாமதிக்கும் தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் காணப்படுகிறது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? நிக்காஹ் முடிந்து ஈராண்டு கழிந்தால் மருமகளையே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம்; 'விசேஷம் ஏதும் உண்டா?' என்று அவளிடமே வினவுகிறோம். மகனை ஓர் எளிய விந்துப் பரிசோதனைக்கு அனுப்பவோ நம் கௌரவம் இடந்தருவதில்லை. பரிசோதனையே செய்யாமல் பெண்மீது பழி சுமத்தித் தலாக் வரை கொண்டுசெல்வது பெரும் அநீதியாகும்.

1990-இல் டாக்டர் கமலா செல்வராஜின் சிகிச்சையால் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை சென்னையில் பிறந்தது. இன்று மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு எங்கும் கருத்தரிப்பு மையங்களின் பலகைகளைக் காண்கிறோம். பெருஞ்செலவில் இறங்குமுன் கணவன் மனைவி இருவரும் அடிப்படை இரத்தப் பரிசோதனைகளையும் விந்துப் பரிசோதனையையும் செய்துகொள்வது அறிவுடைமை. மூன்றாமவரின் விந்தோ முட்டையோ கலவாமல் தம்பதியருக்குள்ளேயே அமையும் சிகிச்சையை மார்க்க அறிஞர் பெரும்பாலோர் அனுமதித்துள்ளனர்.

மார்க்கத்தைக் கற்றறிய வெட்கம் தடையாகவில்லை என்று அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டினார்கள். இப்ராஹீம் நபியும் ஸகரிய்யா நபியும் முதுமை வரை பிள்ளைக்காகக் காத்திருந்தார்கள். அதனால் அவர்களின் மதிப்பு இறைவனிடம் குறையவில்லை. பிள்ளை வரம் அவன் கையில் உள்ளது; நம் கையில் இருப்பது அறிவைத் தேடுவதும் அநீதியைத் தவிர்ப்பதுமே. அதற்கான நல்லருளை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.