எறும்பு தானியம் சேர்க்குமா? - ஒரு மெட்ராஸ் டாக்டரின் சாட்சி

எறும்பு தானியம் சேர்த்து வைக்கும்னு நம்ம ஊர்ல மூணாங்கிளாஸ் பையனைக் கேட்டாலும் சொல்வான். ஆனா சுமார் 150 வருஷம் முன்னாடி வரைக்கும் ஐரோப்பாவுல பெரிய பெரிய ஆளுங்க இதைக் கட்டுக்கதைன்னு சொல்லிட்டிருந்தாங்க. நம்ப முடியுதா?

இத்தனைக்கும் பழைய நூல்கள் எல்லாம் எறும்பு பக்கம்தான். பைபிளில் நீதிமொழிகள் சொல்லுது. ஈசாப் கதையில் எறும்புகள் நனைஞ்ச தானியத்தைக் காய வைக்கும். யூதர்களின் மிஷ்னாவில், வயலில் எறும்பு வளையில் கிடைக்கும் தானியம் நிலத்துக்காரனுக்கா ஏழைக்கா என்று சட்டமே இருக்கு! இருந்தும் 1747-இல் இங்கிலாந்தின் வில்லியம் கோல்டும், 1810-இல் ஜெனீவாவின் பியர் ஹூபரும் மறுத்துட்டாங்க. காரணம் சிம்பிள். அவங்க ஊர்க் குளிரில் எறும்புகள் முடங்கிக் கிடக்கும். புற்றைத் தோண்டினால் ஒரு மணி தானியம் கிடைக்காது. தன் தோட்டத்தில் பார்த்ததை உலகத்துக்கே பொருத்திட்டாங்க.

பதில் இந்தியாவிலிருந்து போச்சு. புனேயில் இருந்த கர்னல் சைக்ஸ், மழையில் நனைந்த புல் விதைகளை எறும்புகள் வெளியே கொண்டுவந்து வெயிலில் பரப்புவதைப் பார்த்து 1835-இல் எழுதினார். அந்த எறும்புக்கு அவர் வைத்த பெயர் 'புராவிடென்ஸ்'. லத்தீனில் 'முன்யோசனை உள்ளது'ன்னு அர்த்தம்.

அடுத்த சாட்சி நம்ம மெட்ராஸ் மாகாணத்து ராணுவ டாக்டர் டி.சி.ஜெர்டன். பறவை ஆர்வலர்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பேர். 1851-இல் மெட்ராஸில் வெளியான ஓர் இதழில் தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு பட்டியலே போட்டார். விதை சேர்க்கும் எறும்புகளும் அதில் உண்டு. அப்பவும் சந்தேகம் முழுசா தீரலை. 1873-இல் மாக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் தென் பிரான்ஸில் புற்றுக்குள் தானியக் கிடங்குகளையே காட்டி ஒரு புத்தகம் போட்ட பிறகுதான் வாதம் அடங்கியது.

எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். சாட்சியாக ஏறிய பேரெல்லாம் கர்னல், டாக்டர். களத்துமேட்டில் தலைமுறை தலைமுறையா இதைப் பார்த்தவங்க பேர் ஒண்ணுகூட ஏறலை.

சரி, இப்ப நம்ம வீட்டுப் பக்கம் வருவோம். எங்க புதுக்கோட்டை செம்மண் பொட்டலில், ஒரு சின்ன ஓட்டையைச் சுற்றி வட்டமா உமி குவிந்திருந்தால் உட்கார்ந்து பாருங்க. கையில் ஒரு லென்ஸ் போதும். முதலில் இடுப்பு. கட்டெறும்புக்கு இடுப்பில் ஒரு முடிச்சு. விதை எறும்புகளுக்கு இரண்டு. அடுத்து தலை. பொடி எறும்புகளுக்கு நடுவே உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலையோடு சில எறும்புகள் திரிந்தால் அது 'பீடோலே' பேரினம். சைக்ஸின் புராவிடென்ஸ் இந்தக் கூட்டம்தான். சின்னதும் பெரிசுமா பல அளவில் இருந்து, தலை வரிவரியா சொரசொரன்னு இருந்தால் 'ட்ரைக்கோமைர்மெக்ஸ் ஸ்கேப்ரிசெப்ஸ்' ஆக இருக்கலாம். ஸ்கேப்ரிசெப்ஸ் என்றாலே சொரசொரத் தலைதான் :-)

மழை விட்டு வெயில் அடிக்கிற அன்னைக்கு அந்த ஓட்டைப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்க. சைக்ஸ் பார்த்த காட்சி உங்களுக்கும் கிடைக்கலாம். கிடைச்சா தேதி, இடம் குறிச்சு எழுதுங்க மக்களே. இந்த தடவை நம்ம பேர்ல இருக்கட்டும்.