தி.நகர்: ஏரிக்குள் எழுந்த கடைத்தெரு

கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வேண்டுமா? தாலிக்குத் தங்கம் வாங்க வேண்டுமா? புதுக்குடித்தனத்துக்குப் பாத்திரம் பண்டம் வேண்டுமா? சென்னையில் இந்த மூன்றுக்கும் பல காலமாக ஒரே பதில்தான்: "தி.நகர் போங்க!" தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் நடப்பதில்லை. பின்னால் வரும் கூட்டம் தள்ளிக்கொண்டு போகிறது. கண்காணிப்புக் கோபுரத்தில் நிற்கும் போலீசார் ஒலிபெருக்கியில் "நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

ஆனால் இது கடைத்தெருவாக வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. இது குடியிருக்க வரைந்த ஊர். அதற்கும் முன்னால் இங்கே இருந்தது தண்ணீர்!

பழைய மெட்ராஸ் வரைபடங்களைப் பார்த்தால் மவுண்ட் ரோட்டுக்கு (இன்றைய அண்ணா சாலை) மேற்கே வில் போல வளைந்த பெரிய நீர்ப்பரப்பு ஒன்று தெரியும். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டிருந்ததால் வெள்ளைக்காரர்கள் இதை 'லாங் டேங்க்' என்றார்கள். வடக்கே இருந்த பகுதி நுங்கம்பாக்கம் ஏரி, தெற்கே இருந்தது மயிலாப்பூர் ஏரி. நெடுங்காலம் இதுவே நகரத்தின் மேற்கு எல்லை போல இருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் மாம்பலம் ஒரு கிராமம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்துக்குள் நெருக்கடி முற்றியது. ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் வீடு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. அரசு அலுவலகங்களிலும் கம்பெனிகளிலும் வேலை பார்த்த நடுத்தரக் குடும்பங்கள் எங்கே போவது? 1920இல் மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன்பிறகு நகராட்சியின் பார்வை ஏரியின் மேல் விழுந்தது. 1920களில் ஏரியை வற்ற வைத்து, மண் நிரப்பி, மனை பிரிக்கும் வேலை தொடங்கியது.

அப்போது மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. அதை நிறுவியவர்களில் ஒருவரான சர் பிட்டி தியாகராயர் 1925 ஏப்ரலில் காலமானார். 'வெள்ளுடை வேந்தர்' என்று பெயர் பெற்றவர் அவர். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர். 1920 தேர்தலுக்குப் பிறகு முதலமைச்சர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்று மறுத்தவர். புதிதாக எழுந்த குடியிருப்புக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. தியாகராய நகர், நம் வாயில் சுருங்கி 'தி.நகர்' ஆனது. ஊர் பெயர் சொல்லும்போது அந்த மனிதரின் நினைவு எத்தனை பேருக்கு வருகிறது என்பது வேறு விஷயம்.

ஊர்ப்பெயர் மட்டுமல்ல, தெருப்பெயர்களும் அப்படித்தான். நடுவில் இருக்கும் பூங்கா, 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்த பனகல் ராஜாவின் பெயரில். உஸ்மான் சாலை, பின்னாளில் 1934இல் தற்காலிக ஆளுநராகவும் இருந்த சர் முகம்மது உஸ்மானின் பெயரில். நடேசன் பூங்கா, டாக்டர் நடேச முதலியாரின் பெயரில். டாக்டர் நாயர் சாலை, டி.எம். நாயரின் பெயரில். தி.நகரைக் கால்நடையாக ஒரு சுற்று சுற்றி வந்தால் நீதிக்கட்சியின் வரலாற்றில் பாதியைப் படித்த மாதிரிதான். எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகளை நீக்கியபோது ஜி.என். செட்டி சாலை பலகையில் 'ஜி.என். சாலை' ஆகிப்போனது. ஆட்டோக்காரர்கள் இன்றும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

பாண்டி பஜாரின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. புதுச்சேரிக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு என்று நினைப்பவர்கள் உண்டு. பரவலாகச் சொல்லப்படும் காரணம் வேறு. சுயமரியாதை இயக்கத்தின் முன்னணித் தலைவரும், 1929 செங்கல்பட்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவருமான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயரில் இருந்த சௌந்தரபாண்டியன் அங்காடிதான் மக்கள் வாயில் பாண்டி பஜார் ஆனது என்கிறார்கள்.

வரைந்தவர்கள் ஊரை நன்றாகவே வரைந்தார்கள் எனலாம். நடுவில் பூங்கா, அதைச் சுற்றிப் பல திசைகளுக்குப் பிரியும் அகலமான சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், தோட்டத்தோடு கூடிய தனி வீடுகள். கோடம்பாக்கம் ஸ்டூடியோக்கள் பக்கத்திலேயே வந்துவிட்டதால் சினிமாக்காரர்களும் இங்கே குடியேறினார்கள். சிவாஜி கணேசன் வீடு போக் சாலையில், எம்.ஜி.ஆர். வீடு ஆற்காடு தெருவில், கண்ணதாசன் இருந்தது ஹென்ஸ்மன் சாலையில் (இன்று அது கண்ணதாசன் சாலை). நீதிக்கட்சிக்காரர்களின் பெயர்களால் நிரம்பிய இந்த ஊரில்தான் காங்கிரஸ் தலைவர் காமராஜரும் வாழ்ந்தார். திருமலைப் பிள்ளை சாலையில் அவர் குடியிருந்தது வாடகை வீடு. 1975 அக்டோபர் 2ஆம் தேதி அங்கேயே அவர் உயிர் பிரிந்தது.

சரி, தோட்ட வீடுகளின் ஊர் கடைத்தெருவானது எப்படி?

பட்டுக்கடை ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. நல்லி சின்னசாமி செட்டி கடை தொடங்கியது 1928இல். ஆனால் ஊரின் தலையெழுத்தை மாற்றியது ரயில்தான். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையம் அந்தப் பாதையில் இருக்கிறது. தாம்பரம், பல்லாவரம் பக்கமிருந்து வருபவர்கள் சில நிமிடங்களில் தி.நகர் வாசலில் இறங்கலாம் என்றாயிற்று. இறங்கியவர்கள் உஸ்மான் சாலைக்குப் போக வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும். அதற்குக் குறுக்கே கிடந்தது ஒரு சின்னக் குடியிருப்புத் தெரு: ரங்கநாதன் தெரு. தினமும் ஆயிரக்கணக்கான கால்கள் ஒரு தெருவைக் கடந்து போனால் அங்கே கடை வராமல் என்ன செய்யும்? முதலில் காய்கறி, பூ, பிளாஸ்டிக் சாமான். பிறகு பாத்திரக் கடை. 1970களுக்குப் பிறகு தென் மாவட்டங்களிலிருந்து வந்த வியாபாரிகள் வாசலையும் திண்ணையையும் இடித்துக் கடையாக்கினார்கள். கடைக்கு மேல் மாடி, மாடிக்கு மேல் மாடி. தெருவின் அகலம் மட்டும் வீடுகள் இருந்த காலத்து அகலமாகவே நின்றுவிட்டது!

இந்த மாடிகளில் பல விதிகளை மீறி எழுந்தவை. 1990களின் இறுதியில் அரசே ஒரு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, கட்டணம் கட்டினால் மீறலை ஒழுங்குபடுத்தலாம் என்றது. அது நீதிமன்றம் வரை போய் இழுபட்டது. 2011 அக்டோபர் இறுதியில் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பெரிய கடைகள் பலவற்றுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். எப்போதும் நெரியும் தெரு வெறிச்சோடியது. 2012 ஜனவரியில், பொங்கல் வியாபார நேரத்தில், உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் அவை திறந்தன.

விதிகள் வெறும் காகித விஷயமல்ல என்பதை இரண்டு தீ விபத்துகள் காட்டின. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவின் பலமாடிக் கடை ஒன்றில் தீப்பிடித்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2017 மே 31ஆம் தேதி தெற்கு உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை விடிகாலையில் தீப்பற்றி, இரவு முழுக்க எரிந்து, கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. கடை திறப்பதற்கு முன் பிடித்த தீ என்பதால் பெரும் உயிர்ச்சேதம் இல்லை. அதே தீ தீபாவளி வாரத்து மாலையில் பிடித்திருந்தால்?

ஏரியும் சும்மா இருக்கவில்லை. மண் போட்டு மூடினாலும் பள்ளம் பள்ளம்தானே! சுற்றுவட்டார மழைநீர் இன்றும் இங்கேதான் ஓடி வருகிறது. அதை அடையாற்றில் கொண்டு சேர்க்க இருப்பது மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி, தி.நகர் ஊடாக, நந்தனம் அருகே அடையாற்றில் சேர்கிறது. பல இடங்களில் குப்பையும் கட்டடக் கழிவும் அடைத்துக்கொள்ளும். 2021 நவம்பரில் கொட்டிய மழையில் ஜி.என். செட்டி சாலையும் விஜயராகவா சாலையும் பல நாட்கள் தண்ணீரில் கிடந்தன. 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்தில் கோடிக்கணக்கில் செலவழித்த இடமா இது என்று அன்று கேட்காதவர் இல்லை. ரயில் பாதைக்குக் கீழே செல்லும் துரைசாமி சுரங்கப்பாதையோ, கனமழை பெய்தாலே குளமாகிவிடும். மேற்கு மாம்பலத்தில் ஒரு சாலையின் பெயர் இன்றும் 'லேக் வியூ ரோடு'. ஏரியைப் பார்க்க முடியாது. மழைக்காலத்தில் மட்டும் ஏரியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

நடைபாதை யாருக்கு என்ற சண்டையும் பழையதுதான். பாண்டி பஜார் நடைபாதைகளில் வளையல், கர்ச்சீப், செருப்பு, பை விற்றுப் பிழைத்த குடும்பங்கள் நூற்றுக்கணக்கில். நடப்பவர்களுக்கு இடமில்லை என்று வழக்குகள் நடந்தன. மாநகராட்சி அவர்களுக்காக ஒரு வணிக வளாகம் கட்டி, 2013இல் அங்கே மாற்றியது. மாடி ஏறிப் போய் பேரம் பேசி கர்ச்சீப் வாங்கும் வாடிக்கையாளர் எத்தனை பேர்? நடைபாதை வியாபாரத்தின் உயிரே, போகிற போக்கில் கண்ணில் படுவதுதான். வியாபாரம் படுத்துவிட்டது என்று அவர்கள் புலம்பியதில் நியாயம் உண்டு. 2019 நவம்பரில் அதே தியாகராயர் சாலையில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. கிரானைட் பதித்த தரை, உட்கார இருக்கைகள், குழந்தைகள் ஓடியாட இடம். நடப்பவர்களுக்கு உண்மையிலேயே நல்ல விஷயம்தான். 2023 மே மாதம் மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதையும் வந்தது. ரங்கநாதன் தெரு நெரிசலில் மாட்டாமல் ரயிலிலிருந்து பஸ்ஸுக்குப் போக நினைத்தவர்களுக்கு, கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு வழி பிறந்தது.

இத்தனை பேச்சிலும் கண்ணில் படாத ஒரு கூட்டம் உண்டு. கடைக்குள் நிற்பவர்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் என்று தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள், பெரும்பாலும் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். கடை முதலாளி தரும் விடுதியில் தங்கி, அவர்கள் போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டு, காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு சாத்தும் வரை நின்றுகொண்டே இருப்பவர்கள். "அக்கா, இந்தப் பக்கம் வாங்க, புது டிசைன் பாருங்க" என்று அழைத்து, நூறு புடவை பிரித்துக் காட்டி, ஒன்றும் எடுக்காமல் போனாலும் சிரித்தபடி மடித்து வைப்பவர்கள். வாங்க வருபவருக்கு ஸ்டூல் உண்டு, குளிர்பானமும் உண்டு. விற்பவர் சுவரில் சாய்ந்தால்கூட மேற்பார்வையாளர் பார்த்துவிடுவார். காலில் நரம்பு சுருண்டு வலிப்பது இந்தத் தொழிலில் சகஜம். 2010இல் வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' படம் வந்தபோதுதான், தினமும் அந்தத் தெருவில் நடந்தவர்களே முதல் முறையாக இவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உட்காருவது ஒரு உரிமையா என்று சிலர் சிரிக்கக்கூடும். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடியது இதற்காகவே. அங்கே 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் கடைகளுக்கான சட்டம் 1947ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. வேலை நேரம், விடுமுறை, சம்பளம் என்று பலவற்றைப் பேசிய அந்தச் சட்டம் நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை. 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் திருத்த மசோதா வந்தது. வேலை நேரம் முழுக்க நிற்க வேண்டிய நிலை இல்லாமல், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியர்களுக்கும் கடையில் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்றது புதிய பிரிவு. சட்டத்தில் அந்த வரி ஏற 74 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் இருக்கிறதா என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.